ஐந்தரை மணி பஸ்ஸுக்கும் மதிய வெயிலுக்கும் ஒரே உடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பனிக்காலத்துக்கு வாங்க வேண்டிய ஆடைகள் என்று ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. கம்பளிச் சட்டை, கழுத்தை மூடும் பனியன், முழங்கால் வரை தொங்கும் கோட்டு, குல்லா, சால்வை என்று ஐந்து படங்கள். சித்திரையில் இதே பக்கத்தில் கோடைக்கு வேறு ஐந்து போட்டிருந்தீர்கள். நான் தைக்கிறவள் என்பதால் துணி சம்பந்தமாக எது வந்தாலும் கத்தரித்து மிஷின் டிராயரில் போட்டு வைப்பேன். இரண்டு பக்கங்களையும் எடுத்து விலையைக் கூட்டிப் பார்த்தேன். ஓசூரில் கணக்கெழுதும் என் மகளின் மாதச் சம்பளத்தில் பாதி வந்தது. மழைக்காலத்துக்கு இன்னொரு பக்கம் போட்டீர்களானால் மீதியிலும் பாதி போய்விடும்.

எங்கள் வீட்டில் மூன்று பெண்கள் இருக்கிறோம். என் அம்மா, நான், என் மகள். நாலு வருடமாக மூவரும் ஒரே வெட்டில் தைத்த பருத்தி உடையைத்தான் சித்திரையிலும் ஐப்பசியிலும் மார்கழியிலும் போட்டுக்கொள்கிறோம். அதைப் பற்றிச் சொல்லவும், உங்களிடம் ஒன்று கேட்கவும்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்டிப் போடுவதாக இருந்தால் அளவு சொல்கிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் 22 வருடம் பள்ளிச் சீருடை தைத்தவள். அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு நாலு ஜோடி கொடுக்கிறார்களே, அதுதான். வெட்டிய துணி அளவுவாரியாகக் கட்டுக்கட்டாக வரும். வீட்டுக்கு எடுத்து வந்து தைத்து, எண்ணிக் கட்டித் திருப்பிக் கொடுப்போம். வெட்டுகிற வேலை எங்களுக்குக் கிடையாது. அதனால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு காலர் வைப்பேன், ஆனால் நாலு வருடத்துக்கு முன்புவரை ஒரு முழுத் துணியை விரித்து வைத்து எங்கே கத்தரி போடுவது என்று எனக்குத் தெரியாது.

அதைக் கற்றுக்கொள்ள வைத்தது என் அம்மாவின் தோள்பட்டை.

அம்மாவுக்கு அப்போது 74 வயது. குளியலறையில் வழுக்கி வலது பக்கமாக விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் தோள் இறுகிப்போய், கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாமல் ஆகிவிட்டது. பிளவுஸ் போட வேண்டுமானால் கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். நைட்டி போட வேண்டுமானால் தலைக்கு மேலே தூக்க வேண்டும். இரண்டும் முடியவில்லை. தினமும் காலையில் நான் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு ரவிக்கை மாட்டுவதற்குக் கால் மணி நேரம் ஆகும். முடிந்ததும் இருவரும் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் அவரே, "எனக்கு உங்கப்பன் சட்டை மாதிரி முன்னால தொறக்குறதா ஒண்ணு தெச்சுக் குடேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரி போய் ஒரு கடையில் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி ஒன்று வாங்கி வந்தேன். பட்டன் மார்போடு நின்றுவிட்டது. அக்குளில் இடமே இல்லை. பையில் கை விட்டால் உள்ளே போகவில்லை, பை மாதிரி மேலே ஒரு பட்டி மட்டும் அடித்திருந்தார்கள். சீருடையில் நான் அப்படி ஒன்று அடித்துக் கொடுத்திருந்தால் கட்டோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். முதல் துவைப்பில் நிறமும் போய், கணுக்காலில் இருந்தது கெண்டைக்கால் வரை ஏறிவிட்டது.

சரி, நாமே வெட்டலாம் என்று உட்கார்ந்தேன். பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, அம்மாவை அதன் மேல் படுக்கச் சொல்லி, சாக் பீஸால் சுற்றிக் கோடு போட்டேன். சிரிக்காதீர்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும்தான் எனக்கு ஒன்று புரிந்தது. வளைத்து வளைத்து வெட்டுவதெல்லாம் உடம்பை ஒட்டி நிற்பதற்காக. ஒட்டி நிற்கவே வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் நேர்க்கோட்டில் வெட்டலாம். சதுரமும் நீளச்சதுரமும் போதும். நேர்க்கோடு வெட்ட எனக்குப் பயமில்லை.

இனி அளவு. மார்புச் சுற்று 38 இன்ச் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன், அது என் அளவு. 44 பன்னாவில், அதாவது 44 இன்ச் அகலமுள்ள துணியில், மூன்று மீட்டர் வேண்டும். மார்புச் சுற்றோடு எட்டு இன்ச் கூட்டினால் 46. அதில் பாதி 23. இரண்டு பக்கமும் தையலுக்கு ஒவ்வொரு இன்ச் விட்டால் 25. அகலம் 25, நீளம் 49 என்று முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தைத்து முடித்தபின் நீளம் 46 நிற்கும், என் உயரத்துக்கு அது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் வரும். 44 பன்னாவில் 25 போனால் பக்கத்தில் 19 இன்ச் அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு நிற்கிறது பாருங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான்.

கைக்கு 17 அகலம், 13 நீளம், இரண்டு. தோள் கொஞ்சம் இறங்கி நிற்பதால் இந்த நீளத்திலேயே கை முழங்கைப் பக்கம் வந்துவிடும். நடையில் கால் தடுக்காமல் கீழே அகலம் வேண்டும், அதற்குக் கலி என்கிற முக்கோணத் துண்டு. ஒன்பது அகலம், 21 நீளத்தில் இரண்டு துண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 18 ஆகிறது, 19 இன்ச் துண்டில் அளவெடுத்து வைத்ததுபோல் உட்காரும். இரண்டையும் மூலைக்கு மூலை வெட்டினால் நாலு முக்கோணம். ஒரு பக்கத்துக்கு இரண்டாகக் கீழே சேர்த்தால் சுற்று 46-லிருந்து 70-க்கு மேல் போய்விடும். பைக்கு ஏழு அகலம், 12 நீளத்தில் நாலு துண்டு. மிச்சத்தில் அக்குளுக்கு ஐந்து இன்ச் சதுரம் இரண்டு, முன் திறப்புக்குப் பட்டி, கழுத்துக்குக் கிராஸ் பீஸ், அதாவது சாய்வாக வெட்டிய பட்டை. 

கழுத்து அகலம் ஆறரை, முன்னால் இறக்கம் நாலு, பின்னால் ஒன்று. இதில் ஆளுக்கு ஆள் மாறும். கழுத்தை மட்டும் எப்போதும் சின்னதாகவே வெட்டுங்கள். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வெட்டலாம், அதிகம் வெட்டினால் ஒட்ட முடியாது. நான் கெடுத்த துணிகளில் பாதி கழுத்தில் கெட்டதுதான்.

அக்குள் துண்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், இந்த உடையின் உயிரே அதில்தான் இருக்கிறது. கடையில் வாங்கும் எதுவும் முதலில் கிழிவது எங்கே? அக்குளில். கையைத் தூக்கும்போது உடம்புத் துணியும் கைத் துணியும் இரண்டு பக்கம் இழுக்கின்றன, நடுவில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை, தையல் பிரிகிறது. அந்த இடத்தில் ஒரு சதுரத்தைச் சாய்த்து, பட்டம் போல வைத்துத் தைத்தால் கை மேலே போகும்போது அது விரிகிறது, கீழே வரும்போது மடிந்துகொள்கிறது. அம்மாவால் கையைத் தூக்க முடியாது, ஆனால் முன்பக்கம் முழுவதும் திறந்து, இடுப்பு மட்டத்திலேயே கையை நுழைத்து, அப்படியே மேலே இழுத்துக்கொள்ள தையல் போக நிற்கும் அந்த நாலு இன்ச் இடம்தான் உதவியது. வலது கை முதலில், பிறகு இடது. இப்போது தனியாகவே போட்டுக்கொள்கிறார்.

தைக்கும்போது நாலு மூலையிலும் கவனம் வேண்டும். தையல் மூலை வரை ஓடக் கூடாது. அரை இன்ச் முன்னாலேயே ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, மிஷின் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கி அடுத்த பக்கம் போக வேண்டும். முதல் தடவை மூலையில் சுருக்கம் விழும். பிரித்துவிட்டுத் திரும்ப அடியுங்கள். நான் ஒரு சதுரத்தை நாலு முறை பிரித்திருக்கிறேன்.

பையும் அம்மாவால் வந்ததுதான். தைத்துக் கொடுத்த முதல் உடையில் பை இல்லை. போட்டுப் பார்த்துவிட்டு இடுப்பைத் தடவினார். "சுருக்குப்பைய எங்க சொருவறது?" என்றார். புடவைக் கொசுவத்தில் அறுபது வருடம் சொருகியிருந்த சுருக்குப்பை, அதில் வெற்றிலை, இரண்டு பத்து ரூபாய்த் தாள், ஒரு தலைவலி மாத்திரை. புடவை இல்லாவிட்டால் அதற்கு இடமே இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத் தையலைப் பிரித்து, தோளிலிருந்து 18 இன்ச் இறக்கத்தில் ஆறு இன்ச் வாய் விட்டு, இரண்டு பக்கமும் பை வைத்தேன். கலி அதற்குக் கீழே 26-இல் ஆரம்பிக்கிறது, ஒன்றோடு ஒன்று முட்டாது. பையின் வாயில் மேலும் கீழும் நாலு தடவை ஓட்டி அடியுங்கள், செல்போன் கனத்துக்கு அங்கேதான் முதலில் பிரியும்.

தெருவில் பேசாமல் இருப்பார்களா? "ஏன்க்கா, பாட்டிக்குப் போயி கவுனா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். அம்மாவே முதலில் தோளில் ஒரு துண்டு போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வந்தார். பத்து நாள் கழித்துத் துண்டு போய்விட்டது. மூன்றாம் மாதம் எதிர்வீட்டுப் பெண் மூன்று மீட்டர் துணியோடு வந்து நின்றாள், அவள் மாமியாருக்காம். அவள் மட்டும் இன்றுவரை தனக்கு என்று கேட்கவில்லை, கேட்பாள்.

இனி துணி. பர்கூர்த் துணிக்கடைகளை எங்கள் பக்கம் குட்டி சூரத் என்போம். அங்கே போனால் கண் சுழலும், ஆனால் பளபளப்பில் பாதி பாலியெஸ்டர். கடைக்காரர் காட்டன் என்று சொன்னால் ஓரத்தில் இரண்டு இழையை உருவி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே வந்து தீக்குச்சி வையுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கல் போல ஒரு மணியாக நிற்கும். இரண்டும் கலந்தது என்றால் சாம்பலுக்குள் மணி இருக்கும். என்னை ஒரு கடையில் இதற்காகவே ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நூலின் நம்பரையும் கேளுங்கள். ஒரு பவுண்டு எடை நூலில் 840 கெஜம் கொண்ட சிட்டம், அதாவது நூல் கண்ணி, எத்தனை இருக்கிறதோ அதுதான் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. 20 நம்பர் என்றால் சாக்கு போல, போர்வைக்கு ஆகும். 100 நம்பர் சேலைக்கு அழகு, உடையாகத் தைத்தால் உள்ளே லைனிங் கேட்கும், லைனிங் போட்டால் கோடையில் போட முடியாது. 40-க்கும் 60-க்கும் நடுவில் எடுத்தால் நிழல் தெரியாது, காற்றும் போகும், ஐப்பசி மழையில் வீட்டுக்குள் கொடியில் போட்டாலும் மறுநாளைக்குக் காய்ந்துவிடும். முடிந்தால் கைத்தறியாகவே எடுப்பேன். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடி சமயம் மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்வேன். கைத்தறியின் நெசவில் சின்னச் சின்ன இடைவெளி இருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும், போட்டுக்கொண்டால் உடம்புக்குத் தெரியும்.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி முழுவதும் ஊறப் போட வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டு நான் பட்ட பாடு இருக்கிறதே. மகளுக்கென்று நான் தைத்த முதல் உடை, நல்ல மெரூன் நிறம், கழுத்திலும் பையிலும் வெள்ளைப் பைப்பிங். பார்த்தவர்கள் எல்லாம் கடையில் வாங்கியதா என்று கேட்டார்கள், நானும் பூரித்துப்போனேன். முதல் தண்ணீரில் வெள்ளைப் பைப்பிங் ரோஸ் ஆனது, நீளத்தில் இரண்டு இன்ச் போனது, அக்குள் இழுக்க ஆரம்பித்தது. நெசவின்போது பாவு, அதாவது நீளவாட்டு நூல், இழுத்துப் பிடித்து நிற்கிறது, நூலில் கஞ்சி வேறு. தண்ணீர் பட்டதும் இரண்டும் விடுகின்றன, துணி தன் இயல்பான அளவுக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பல் கத்தரிக்கோலுக்கு முன்னால் நடந்துவிட வேண்டும். கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். நானும் கைநிறையப் போட்டுப் பார்த்தேன், எனக்கு நின்றதே இல்லை. தனியாக இரண்டு மூன்று தண்ணீர் அலசி, தண்ணீர் தெளிகிறதா என்று பார்ப்பதுதான் வழி. காய்ந்ததும் இஸ்திரி போட்டு, கரையோரத்துக்கு நேராக நீளத்தை வையுங்கள். பாவு மேலிருந்து கீழாக ஓட வேண்டும். கோணலாக வெட்டினால் பத்துத் துவைப்பில் உடை ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும்.

அந்த மெரூன் உடையை மகள் தூக்கிப் போடவில்லை என்பது அவளுடைய பெருந்தன்மை. அவள் கேட்டதற்கே காரணம் பாட்டியின் உடைதான். அவள் காலையில் ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறுகிறாள். கிருஷ்ணகிரியில் மாறி, குருபரப்பள்ளி, சூளகிரி தாண்டி ஓசூர். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி அதில் பாதிக்குச் சற்று மேல். தை மாதம் சூளகிரிப் பக்கம் பஸ் ஏறும்போது ஜன்னல் கண்ணாடி சரியாக மூடாமல் உள்ளே வரும் காற்று எலும்பைத் தொடும் என்பாள். அதே பெண் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் காவேரிப்பட்டணத்தில் இறங்கும்போது தார் ரோடு செருப்பைச் சுடும். தையிலேயே இப்படி என்றால் சித்திரையை நினைத்துப் பாருங்கள், கிளிமூக்கு மாங்காய் லாரிகள் போகும் அந்த வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் இணைப்பில் காலத்துக்கு ஒரு பக்கம் போடுகிறீர்கள். என் மகளுக்கு இரண்டு காலமும் ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் வருகிறது. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனால் திரும்பி வரும்போது அதைக் கையில் சுமக்க வேண்டும்.

அவள் செய்வது இதுதான். காலையில் உள்ளே முழுக்கைப் பனியன், கீழே லெக்கின்ஸ், மேலே இந்த உடை, அதற்கும் மேலே கை இல்லாத கோட்டு. அந்தக் கோட்டு என் பழைய சுங்குடிப் புடவையை நாலாக மடித்து, கட்டம் கட்டமாக ஓட்டித் தைத்தது. உருட்டினால் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அடங்கிவிடும். கை அகலமாகவும் அக்குள் தாராளமாகவும் இருப்பதால் உள்ளே பனியன் போட்டாலும் பிடிக்காது. துணிக்கும் உடம்புக்கும் நடுவில் நிற்கிற காற்றுதான் சூடு காக்கிறது, ஒன்றின் மேல் ஒன்றாக மெலிசாகப் போட்டால் அந்தக் காற்று இரண்டு மூன்று அடுக்காக நிற்கும். பதினொரு மணிக்குக் கோட்டு கழலும், மதியத்துக்குப் பனியனும் கழலும். வெறும் உடை மட்டும் என்றால் அதே தளர்வு இப்போது காற்றை உள்ளே விடுகிறது, பருத்தி வியர்வையை உறிஞ்சிக் காய வைக்கிறது. பாலியெஸ்டர் அந்த ஈரத்தை வாங்காமல் உடம்பிலேயே விட்டுவிடும், அதனால்தான் கசகசப்பும் வேர்க்குருவும்.

மழைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கணுக்காலுக்கு மேலே நிற்பதால் சேறு தெறிப்பது குறைவு. பை இருப்பதால் குடை பிடிக்க ஒரு கை மிச்சம்.

சின்னதாக இன்னும் இரண்டு. கலி வைத்த உடையில் கீழ் ஓரத்தை அன்றே மடித்து அடிக்காதீர்கள். ஹேங்கரில் ஒரு ராத்திரி தொங்க விடுங்கள். சாய்வாக வெட்டிய துணி தன் கனத்தில் கொஞ்சம் கீழே இறங்கும். மறுநாள் தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சமமாக வெட்டிவிட்டு அடித்தால் பக்கத்தில் வால் தொங்காது. அப்புறம், ஓவர்லாக் மிஷின் இல்லையே என்று நிற்காதீர்கள். பிசிறை உள்ளே மடித்து மேலே ஒரு தையல் ஓட்டினால் வியர்த்த உடம்பில் உறுத்தவும் உறுத்தாது, துவைத்துத் துவைத்து நூல் பிரியவும் செய்யாது. வேலை இரண்டு மடங்கு, ஒப்புக்கொள்கிறேன். மெலிசுத் துணிக்கு 11 நம்பர் ஊசி, மற்றதற்கு 14.

செலவு? போன மாதம் எனக்குத் தைத்ததற்குத் துணி மீட்டர் 160 ரூபாய் வீதம் 480. நூலும் பட்டனும் 40. காஜா என் கையால். இரண்டு சாயங்காலமும் ஒரு ஞாயிறும் போனது. என் உழைப்பைக் கணக்கில் சேர்த்தால் கடை உடை மலிவு என்று மகள் வாதாடுவாள். சேர்க்க வேண்டும்தான். ஆனால் நாலு வருடம் முன்பு தைத்த அம்மாவின் முதல் உடை, பெட்ஷீட்டில் கோடு போட்டுத் தைத்தது, இன்னும் கிழியவில்லை. இதைச் சொன்னால் மகளிடம் பதில் இல்லை.

இப்போது நான் கேட்க வந்தது. எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் வந்த இலவச தையல் மிஷின் இருக்கிறது. ஒன்றில் ஒரு பெண் பிளவுஸ் தைக்கிறாள். ஒன்று உறை போட்டு மூலையில் நிற்கிறது. மூன்றாவதின் மேல் டி.வி. இருக்கிறது. மிஷின் வந்துவிட்டது, நூல் கோக்கவும் தெரியும், வெட்டத்தான் தெரியாது. பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதம் சேர்ந்து பார்த்த பெண் சொன்னாள், ஆறு மாதமும் பிளவுஸ்தானாம், அதுவும் காகிதத்தில். பிளவுஸ் கஷ்டமான வெட்டு. டார்ட், கை வளைவு, கழுத்து, கொக்கிப் பட்டி எல்லாம் ஒட்டி நிற்க வேண்டும், கால் இன்ச் தப்பினாலும் தெரியும். புதிதாகக் கற்கிறவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் இரண்டு துணி கெட்டதும் மிஷினுக்கு உறை போட்டுவிடுவாள். நேர்க்கோட்டில் வெட்டும் ஓர் உடையில் ஆரம்பித்தால் முதல் நாளே போட்டுக்கொள்ள ஒன்று கையில் இருக்கும்.

ஞாயிறு இணைப்பில் வாரம் தவறாமல் கோலம் போடுகிறீர்கள். புள்ளி எத்தனை, வரிசை எத்தனை என்று எழுதி, கட்டம் பிசகாமல் போடுகிறீர்கள். எங்கள் தெருவில் அதைப் பார்த்து மார்கழி முழுவதும் போடுகிறார்கள். அதே இடத்தில் மாதம் ஒரு தடவை ஒரு வெட்டுப்படம் போடுங்கள். கட்டத்தாளில் துணியை விரித்த மாதிரி ஒரு படம், எந்தத் துண்டு எங்கே, அளவு என்ன, எந்தப் பக்கம் பாவு என்று மட்டும். அழகான பெண் படம் வேண்டாம், அந்த இடத்தில் அக்குள் துண்டு வைக்கும் விதத்தை இரண்டு படமாகப் போடலாம். மார்புச் சுற்று 34-க்கு, 38-க்கு, 42-க்கு, 46-க்கு என்று நாலு அளவு கொடுத்தால் எல்லோருக்கும் ஆகும். எம், எல், எக்ஸ்எல் என்று போடாதீர்கள். என் மகள் ஒரு கடையில் எம், இன்னொரு கடையில் எக்ஸ்எல்.

முதல் படத்துக்கு என் உடையின் அளவுகளை மேலே எழுதிவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். பெயரும் போட வேண்டாம். சங்கத்தில் இன்னும் தைத்துக்கொண்டிருக்கும் அக்காமார்கள் பார்த்தால், வெட்டத் தெரியாதவள் வெட்டச் சொல்லிக் கொடுக்கிறாளா என்று கேட்பார்கள்.

ஒன்றே ஒன்று மட்டும். கட்டம் போட்ட படத்தில் ஒரு கட்டம் எத்தனை இன்ச் என்று மறக்காமல் எழுதுங்கள். அச்சில் ஏதாவது தப்பு விழுந்தால் திருத்தத்தை மறுநாளே, முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். கோலத்தில் புள்ளி தப்பினால் அழித்துவிட்டு வேறு போடலாம். அடுத்த ஞாயிறு வரை காத்திருந்து திருத்தம் போட்டீர்களானால், அதற்குள் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் கத்தரி போட்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
சீருடை தைத்த ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.